கரையோடு நின்றுவிட்ட குரோனா: ஐஸ்லாந்து வங்கிகளின் சரிவு

ஐஸ்லாந்து தன் வங்கிகளைச் சாகவிட்டது, வங்கி முதலாளிகளைச் சிறைக்கு அனுப்பியது, சாதாரண மக்களைக் காப்பாற்றியது. 2008 நிதி நெருக்கடியைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இந்தக் கதையை யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். கேட்பதற்கு இதமான கதை. முழுப் பொய்யும் இல்லை. ஆனால் காப்பாற்ற வழியிருந்தும் வேண்டாம் என்று ஐஸ்லாந்து துணிந்து ஒதுங்கியதாக அது நம்பவைக்கிறது. நடந்தது வேறு. அந்த வங்கிகளைக் காப்பாற்ற அரசு கடைசி வாரம் வரை முட்டிமோதியது. முடியவில்லை. வங்கிகள் பட்ட கடன் யூரோவிலும் டாலரிலும் பவுண்டிலும் இருந்தது. அரசால் அச்சடிக்க முடிந்தது தன் நாணயமான குரோனாவை மட்டுமே. அதற்குத் தீவின் கரையைத் தாண்டி மதிப்பில்லை.

இந்த ஒரு முரண்பாட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் மற்றவை எல்லாம் புரிந்துவிடும்: வங்கிகள் ஏன் அவ்வளவு வேகமாக வளர்ந்தன, ஏன் மூன்றே நாளில் விழுந்தன, நட்டத்தை யார் சுமந்தார்கள், எட்டு ஆண்டுகளுக்கு மேல் நாட்டுப் பணம் ஏன் வேலிக்குள் கிடந்தது என்பதெல்லாம்.

மீன் பொறித்த காசு

ஐஸ்லாந்தின் 1 குரோனாக் காசில் காட் மீன் இருக்கிறது. 5 குரோனாவில் டால்பின்கள், 10இல் கேப்லின் மீன்கள், 50இல் நண்டு, 100இல் லம்ப் மீன். அந்நியச் செலாவணியை இந்நாடு எங்கிருந்து ஈட்டியது என்பதை இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது. மீன்வரத்து குறைந்தாலோ வெளிச்சந்தையில் விலை விழுந்தாலோ குரோனாவின் மதிப்பைக் குறைத்துவிடுவது அரசின் பழக்கம். 1960களின் இறுதியில் ஹெர்ரிங் மீன் வரத்து அற்றுப்போனபோது 1967, 1968 என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் மதிப்பைக் குறைத்தார்கள். ஏற்றுமதியாளர் பிழைத்துக்கொள்வார், இறக்குமதிப் பொருளை வாங்கிச் சாப்பிடுகிறவர் அதற்கு விலை கொடுப்பார்.

ஐஸ்லாந்தின் குரோனாவும் டென்மார்க்கின் குரோனாவும் ஒரு காலத்தில் ஒரே மதிப்பு. 1920களின் தொடக்கத்தில் இரண்டும் பிரிந்தன. பணவீக்கம் தாங்காமல் 1981இல் இரண்டு சுழியங்களை வெட்டி, பழைய 100 குரோனாவைப் புதிய 1 குரோனா ஆக்கினார்கள். அந்த வெட்டைச் சேர்த்துக் கணக்கிட்டால், அன்று ஒன்றுக்கு ஒன்றாக இருந்த டேனிஷ் குரோனாவை இன்று வாங்கப் பழைய குரோனாவில் ஏறத்தாழ 2,000 வேண்டும். இந்தப் பணத்தை நம்பி நாற்பது ஆண்டுக்குக் கடன் கொடுக்க எந்த வங்கிதான் முன்வரும்? அதனால் 1979இல் ஒரு சட்டம் வந்தது. கடனின் அசல் விலைவாசிக் குறியீட்டோடு சேர்ந்து ஏறும். வட்டி அதற்கு மேல் தனி. வீட்டுக்கடன்கள் இந்த முறையில்தான் வழங்கப்பட்டன. இதைப் பின்னால் பார்ப்போம்.

வங்கித் துறை அரசின் கையில் இருந்தது. 1880களில் பிறந்த லாண்ட்ஸ்பாங்கியும் வேளாண்மைக்கென ஏற்பட்ட பூனடர்பாங்கியும் அரசு வங்கிகள். யாருக்குக் கடன் என்பதைக் கட்சிகளின் செல்வாக்கு தீர்மானித்த காலம் அது. 1990களில் ஐரோப்பியப் பொருளாதார மண்டலத்தில் ஐஸ்லாந்து சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினர் இல்லை, யூரோவும் கிடையாது; ஆனால் ஐஸ்லாந்து வங்கி ஒன்று ஐரோப்பாவின் எந்த நகரிலும் கிளை திறக்கலாம். பின்னால் வந்த வினை அத்தனைக்கும் கதவு இதுதான்.

விற்பனை

1991 முதல் 2004 வரை பிரதமராக இருந்த தாவித் ஒட்சனின் ஆட்சியில் வங்கிகள் தனியாருக்குப் போயின. லாண்ட்ஸ்பாங்கியின் பெரும்பங்கை, ரஷ்யாவில் பீர் ஆலை நடத்திப் பணம் சேர்த்த ஒரு தந்தையும் மகனும் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து வாங்கினார்கள். பூனடர்பாங்கியை வாங்கிய குழு, தங்களோடு ஜெர்மன் வங்கி ஒன்றும் முதலீடு செய்வதாகச் சொல்லியது. வெளிநாட்டு வங்கி ஒன்று நம்பி வருகிறதே என்று அரசுக்கும் பெருமை. 2003இல் விற்பனை முடிந்தது. அதே ஆண்டில் அந்த வங்கி காப்திங் நிறுவனத்தோடு இணைந்து நாட்டின் மிகப்பெரிய வங்கியானது. 2017இல் நாடாளுமன்றம் அமைத்த விசாரணையின் அறிக்கை வெளியானபோதுதான் விஷயம் தெரிந்தது: அந்த ஜெர்மன் வங்கி பெயருக்கு மட்டும் நின்றிருக்கிறது. பின்னால் ரகசிய ஒப்பந்தங்கள் வழியே பணத்தின் பொறுப்பும் லாபமும் வேறு இடத்துக்குப் போயிருந்தன.

இதே காப்திங், சரிவதற்குச் சில நாள் முன்பு, 2008 செப்டம்பரில், இன்னொரு வெளிநாட்டவரைக் காட்டியது. கத்தார் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஷேக் ஒருவர் வங்கியின் 5 சதவீதப் பங்கை வாங்கிவிட்டார் என்று அறிவித்தது. வாங்கிய பணம் காப்திங்கே கொடுத்த கடன். பிறக்கும்போது ஒரு பினாமி, சாகும்போது ஒரு பினாமி. இரண்டு ஏற்பாட்டிலும் ஐஸ்லாந்துத் தொழிலதிபர் ஒருவரே பங்கேற்றிருந்தார் என்பது பின்னர் நிலைநாட்டப்பட்டது. ஐஸ்லாந்து வங்கிகளின் வளர்ச்சியை விளக்க எத்தனையோ வரைபடங்கள் வந்திருக்கின்றன. எனக்கு இந்த இரண்டு பரிவர்த்தனைகளே போதுமானதாகத் தோன்றுகின்றன.

மூன்றாவது பெரிய வங்கி கிளிட்னிர். மூன்றும் சேர்ந்து 2008இல் வைத்திருந்த சொத்து, நாட்டின் ஆண்டு உற்பத்தியைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. இதில் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் ஊதப்பட்டது. உலகச் சந்தையில் கடன் மலிவாகக் கிடைத்த காலம். கடன் பத்திரம் விற்று வாங்கிய யூரோவை, ஐஸ்லாந்து முதலாளிகள் டென்மார்க்கிலும் பிரிட்டனிலும் கடைகளும் நிறுவனங்களும் வாங்குவதற்குக் கொடுத்தார்கள். வாங்கியவர்களில் பலர் அந்தந்த வங்கியின் உரிமையாளர்களே. வங்கிப் பங்கை வாங்க வங்கியே கடன் கொடுக்கும். அதே பங்கு அடமானமாகவும் இருக்கும். இப்படித் தன் பணத்தைத் தானே காட்டிய பகுதி, 2008 நடுவில் மூன்று வங்கிகளின் மூலதனத்தில் கால்பங்குக்கு மேல் என்று நாடாளுமன்றத்தின் சிறப்பு விசாரணைக் குழு பின்னர் கணக்கிட்டது.

வட்டிக்காக வந்த பணம்

உள்நாட்டில் பொருளாதாரம் சூடேறியது. அடக்குவதற்காக மத்திய வங்கி வட்டியை ஏற்றிக்கொண்டே போனது; 2008 வாக்கில் 15.5 சதவீதம். விளைவு தலைகீழாக இருந்தது. ஜப்பானில் சொற்ப வட்டிக்கு யென் கடன் வாங்கி, அதை குரோனாவாக மாற்றிப் போட்டால் வட்டி வித்தியாசம் முழுவதும் லாபம். 2005 முதல் வெளிநாட்டு நிறுவனங்களே குரோனாவில் பத்திரம் வெளியிடத் தொடங்கின. உள்ளே வந்த பணம் குரோனாவின் மதிப்பை உயர்த்தியது. மதிப்பு உயர்ந்ததால் இறக்குமதி மலிந்தது. மக்கள் காரும் தொலைக்காட்சியும் வாங்கிக் குவித்தார்கள். வட்டியை ஏற்றினால் செலவு குறையும் என்ற பாடப்புத்தகம் இவ்வளவு சிறிய நாணயத்துக்கு எழுதப்பட்டதில்லை.

ஊர்க்காரர்களும் இந்த ஆட்டத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து ஆடினார்கள். குரோனாவில் கடன் வாங்கினால் வட்டி அதிகம் என்பதால், யென், சுவிஸ் பிராங்க் மதிப்போடு இணைத்த கடனில் கார் வாங்கினார்கள். சம்பளம் குரோனாவில், தவணை யென்னில்.

முதல் எச்சரிக்கை 2006 பிப்ரவரி, மார்ச்சில் வந்தது. பிட்ச் தர நிர்ணய நிறுவனம் நாட்டின் கடன் தரம் பற்றிய கண்ணோட்டத்தைக் குறைத்தது. டென்மார்க்கின் டான்ஸ்கே வங்கி கடுமையான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. குரோனா சரிந்தது. பதிலுக்கு ஐஸ்லாந்து வணிகச் சபை, அமெரிக்கப் பொருளியலாளர் பிரெடெரிக் மிஷ்கினை இணை ஆசிரியராகக் கொண்டு, நிதி நிலை உறுதியாகவே உள்ளது என்று சொல்லும் ஆய்வு ஒன்றைப் பணம் கொடுத்து எழுதி வாங்கியது. சந்தை அடங்கியது.

கடன் பத்திரச் சந்தை இனி பழையபடி கைகொடுக்காது என்று மட்டும் வங்கிகளுக்குப் புரிந்துவிட்டது. யூரோவும் பவுண்டும் வேறு எங்கிருந்தாவது வேண்டும். 2006 அக்டோபரில் லாண்ட்ஸ்பாங்கி பிரிட்டனில் ஐஸ்சேவ் என்ற இணையச் சேமிப்புக் கணக்கைத் தொடங்கியது. கட்டடம் இல்லை, காசாளர் இல்லை, வட்டி மட்டும் மற்றவர்களைவிட அதிகம். சுமார் 3 லட்சம் பிரிட்டன்வாசிகள் 400 கோடி பவுண்டுக்கு மேல் போட்டார்கள். கணக்குத் திறந்தவர்களின் எண்ணிக்கை ஐஸ்லாந்தின் மொத்த மக்கள்தொகைக்குக் கிட்டத்தட்டச் சமம். 2008 மே மாதத்தில், அதாவது வீடு எரியத் தொடங்கிய பிறகு, நெதர்லாந்திலும் கடை விரித்தார்கள். அங்கே சில மாதங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்தனர்.

இங்கே ஒரு சிறு சட்ட நுணுக்கம் பெரிய வேலை பார்த்தது. பிரிட்டனில் காப்திங்கும் இணையச் சேமிப்பு நடத்தியது. ஆனால் அது பிரிட்டனில் பதிவான துணை நிறுவனம் வழியாக. அதனால் அதன் வைப்புகளுக்குப் பிரிட்டனின் காப்பீடு. ஐஸ்சேவ் லாண்ட்ஸ்பாங்கியின் வெறும் கிளை. அதன் வைப்புகளுக்கு ஆளுக்கு 20,887 யூரோ வரை பொறுப்பு ஐஸ்லாந்தின் காப்பீட்டு நிதிக்கு. அந்த நிதியில் இருந்த பணம், பொறுப்பேற்ற தொகைக்கு முன் தூசு.

கதவு கதவாகத் தட்டியது

2008இன் நடுவில் ஐஸ்லாந்தின் வெளிநாட்டுக் கடன் சுமார் 5,000 கோடி யூரோ. நாட்டின் ஆண்டு உற்பத்தி சுமார் 850 கோடி யூரோ. கடனில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வங்கிகளுடையது.

ஒரு வங்கிக்குப் பணம் முடைப்பட்டால் கடைசியாகக் கைகொடுப்பது மத்திய வங்கியின் வேலை. ஆனால் யூரோ கேட்டு வருகிறவனிடம் குரோனாவை நீட்டி என்ன பயன்? 2005இல் மத்திய வங்கியின் தலைமைக்கு வந்திருந்தவர், வங்கிகளைத் தனியாருக்கு விற்ற அதே தாவித் ஒட்சன். அவர் வெளிநாட்டு மத்திய வங்கிகளின் கதவைத் தட்டினார். ஏப்ரலில் இங்கிலாந்து வங்கியின் ஆளுநர் மெர்வின் கிங், குரோனாவை வாங்கிக்கொண்டு பவுண்டு தரும் நாணய மாற்று ஒப்பந்தத்துக்கு இசையவில்லை. வங்கித் துறையைச் சுருக்குவதற்கு வேண்டுமானால் உதவலாம் என்று எழுதினார். அந்த யோசனையை எடுத்துக்கொண்டிருந்தால் இழப்பு குறைந்திருக்கலாம் என்பது என் கணிப்பு. அதற்குள்ளேயே காலம் கடந்துவிட்டது என்று வாதிடவும் இடமுண்டு. மே மாதத்தில் டென்மார்க், நார்வே, சுவீடன் மூன்றும் சேர்ந்து 150 கோடி யூரோ வரை தர இசைந்தன. செப்டம்பர் 24 அன்று அமெரிக்க பெடரல் ரிசர்வ், அதே மூன்று நாடுகளுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் டாலர் வழங்கும் ஏற்பாட்டை அறிவித்தது. ஐஸ்லாந்தின் பெயர் அதில் இல்லை.

அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் விழுந்து பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. அக்டோபர் நடுவில் கட்ட வேண்டிய தவணைக்குப் பணமில்லாமல் கிளிட்னிர் மத்திய வங்கியிடம் வந்தது. கடன் கொடுப்பதற்குப் பதிலாக, வங்கியின் 75 சதவீதப் பங்கை 60 கோடி யூரோவுக்கு அரசு வாங்கும் என்று செப்டம்பர் 29 அன்று அறிவித்தார்கள். நம்பிக்கை ஊட்டுவதற்காகச் செய்தது. பங்குதாரர்கள் ஒரே நாளில் அழிந்தார்கள். அரசின் தரக்குறியீடு இறங்கியது. மற்ற இரண்டு வங்கிகளுக்கும் கடன் கொடுத்தவர்கள் கூடுதல் அடமானம் கேட்டு நின்றார்கள். வார இறுதியில் ஐஸ்சேவ் கணக்குகளிலிருந்து பிரிட்டன்வாசிகள் பணத்தை உருவத் தொடங்கினார்கள்.

அக்டோபர் 6, திங்கள். அன்று நடுப்பகலில் தாவித் ஒட்சனும் பிரதமர் கெய்ர் ஹார்டேவும் தொலைபேசியில் பேசினார்கள். காப்திங்குக்கு 50 கோடி யூரோ கடன் கொடுப்பதா என்பது பேச்சு. ஈடு, டென்மார்க்கில் காப்திங்குக்குச் சொந்தமான ஒரு வங்கி. இந்தப் பணம் திரும்பி வராது என்று தான் நினைப்பதாக அந்த உரையாடலிலேயே ஒட்சன் சொல்கிறார். கடன் கொடுக்கப்பட்டது. ஏறத்தாழ பாதிதான் திரும்பியது. உரையாடல் பதிவாகிறது என்பது பிரதமருக்குத் தெரியாதாம். ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2017 நவம்பரில், அதன் எழுத்து வடிவத்தை மோர்குன்பிளாதித் நாளிதழ் வெளியிட்டது. அந்த நாளிதழின் ஆசிரியர் நாற்காலியில் அப்போது இருந்தவர், ஒட்சன்.

வங்கிகளைச் சாகவிட்ட அரசு என்று சொல்கிறவர்கள் இந்த 50 கோடி யூரோவை மறந்துவிடுகிறார்கள். திரும்பி வராது என்று நினைத்தபோதும், கடைசி நாளில்கூட, கையிலிருந்த அந்நியச் செலாவணியை அள்ளி ஒரு தனியார் வங்கிக்குக் கொடுத்தது அந்த அரசு.

அன்று மாலை நான்கு மணிக்கு ஹார்டே தொலைக்காட்சியில் தோன்றினார். நாடே திவாலாகும் ஆபத்து இருக்கிறது என்றார். "கடவுள் ஐஸ்லாந்தை ஆசீர்வதிப்பாராக" என்று முடித்தார். அரசியல்வாதிகள் கடவுளை அழைத்துப் பேசும் வழக்கம் அங்கில்லை. கேட்டவர்களுக்கு அந்த முடிவே அச்சமூட்டியது. நள்ளிரவுக்குள் ஆல்திங் நாடாளுமன்றம் அவசரச் சட்டத்தை நிறைவேற்றியது. 7ஆம் தேதி லாண்ட்ஸ்பாங்கியும் கிளிட்னிரும் அரசின் பிடிக்குள் வந்தன. 8ஆம் தேதி பிரிட்டன் காப்திங்கின் துணை நிறுவனத்தை முடக்க, 9ஆம் தேதி காப்திங்கும் விழுந்தது. மூன்றையும் ஒரே திவாலாகக் கணக்கிட்டால், அமெரிக்க வரலாற்றின் அளவுகோலில்கூட லேமன், வாஷிங்டன் மியூச்சுவல் இரண்டுக்கும் அடுத்த இடம் அதற்கு.

அதே 8ஆம் தேதி பிரிட்டன் செய்த இன்னொன்றை ஐஸ்லாந்துக்காரர்கள் மறக்கவில்லை. 2001ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின்கீழ் லாண்ட்ஸ்பாங்கியின் சொத்துகளை முடக்கினார்கள். பிரிட்டன் கருவூலத்தின் இணையப் பட்டியலில், அல் காய்தாவும் தாலிபானும் இருந்த வரிசையில் ஒரு வங்கியின் பெயர் வந்து உட்கார்ந்தது. நாங்கள் பயங்கரவாதிகள் அல்ல என்ற மனுவில் எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். மக்கள்தொகையில் நாலில் ஒருவர்.

அவசரச் சட்டம் செய்த வேலை

சட்டத்தின் சாரம் இரண்டு. ஒவ்வொரு வங்கியையும் இரண்டாகப் பிளந்தார்கள்: ஊர்க்காரர்களின் வைப்பும் உள்ளூர்க் கடன்களும் புதிய வங்கிக்கு, வெளிநாட்டுச் சொத்தும் வெளிநாட்டுக் கடனும் பழைய வங்கியின் திவால் கணக்குக்கு. அடுத்து, திவால் கணக்கில் பணம் பிரிக்கும்போது வைப்பாளர்களுக்கு முதல் உரிமை. பத்திரம் வாங்கியவர்கள் பின்னால் நிற்க வேண்டும். கடன் கொடுத்து முடித்த பிறகு வரிசையை மாற்றுவது நியாயமா என்று ஜெர்மன் வங்கிகள் உள்ளிட்ட பத்திரதாரர்கள் கொதித்தார்கள். 2011 அக்டோபரில் ஐஸ்லாந்து உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.

இதனால் தலைநகர் ரெய்க்யவிக்கில் ஒருவருடைய வங்கி அட்டைகூட முடங்கவில்லை. வெள்ளிக்கிழமை லாண்ட்ஸ்பாங்கியில் வேலை பார்த்தவர் அடுத்த வாரம் புதிய லாண்ட்ஸ்பாங்கியில் அதே மேசையில் உட்கார்ந்தார். இதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஒரு வார இறுதியில் எழுதிய சட்டம் இவ்வளவு சுத்தமாக வேலை செய்தது அரிது. அதற்குச் சில நாள் முன்பு தன் வங்கிகளின் கடனுக்கெல்லாம் பொறுப்பேற்ற அயர்லாந்து, பின்னர் வங்கிகளுக்குள் கொட்டியது 6,400 கோடி யூரோ. அயர்லாந்துக்கு யூரோ கிடைக்கும் வழி இருந்தது; அதனால் அந்தத் தவற்றைச் செய்ய முடிந்தது. ஐஸ்லாந்துக்கு அந்த வழி இல்லை.

ஒரு பணம், இரண்டு விலை

2008 தொடக்கத்தில் ஒரு யூரோவுக்குச் சுமார் 90 குரோனா. அக்டோபர் 7 அன்று மத்திய வங்கி 131 என்று விலையை நிறுத்திப் பார்த்தது, மறுநாளே கைவிட்டது. அந்த விலைக்கு விற்க யாரிடமும் யூரோ இல்லை. பன்னாட்டு நாணய நிதியத்திடம் 210 கோடி டாலர் கடனுக்குப் போனார்கள். வட்டியை 18 சதவீதத்துக்கு ஏற்றினார்கள். நவம்பர் 28 அன்று, நாட்டைவிட்டுப் பணம் வெளியேறுவதைத் தடுக்கும் மூலதனக் கட்டுப்பாடு வந்தது. வட்டிக்காக வந்து மாட்டிக்கொண்ட வெளிநாட்டுப் பணம் மட்டும் ஆண்டு உற்பத்தியில் ஏறத்தாழ 40 சதவீதம். அது மொத்தமும் ஒரே நேரத்தில் வாசலுக்கு ஓடினால் குரோனா என்ற ஒன்றே மிஞ்சாது என்று பயந்தார்கள்.

ஐரோப்பிய மத்திய வங்கி தினமும் வெளியிடும் மாற்று விலைப் பட்டியலில் ஐஸ்லாந்தின் வரி 2008 டிசம்பர் 3 அன்று 290 என்று பதிவாகி அதோடு நின்றுவிட்டது. அதே மாத இறுதியில் ரெய்க்யவிக்கில் அதிகாரபூர்வ விலை சுமார் 170. வெளியே ஒரு விலை, உள்ளே ஒரு விலை. வெளியே மலிவாக வாங்கி உள்ளே கொண்டுவந்தால் லாபம் என்பதால் கடத்தல் வேறு. வெளிநாடு போகிற குடிமகன் வங்கியில் விமான டிக்கெட்டைக் காட்டினால்தான் அந்நியப் பணம் கிடைக்கும். பொருள்களை ஜெர்மனியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸ், கட்டுப்படியாகாமல் 2009 அக்டோபர் இறுதியில் தீவைவிட்டே போய்விட்டது.

வீட்டுக்குள் வந்த கணக்கு

குரோனா விழுந்ததால் ஏற்றுமதி பிழைத்தது, சுற்றுலாப் பயணிகள் குவிந்தார்கள், தனி நாணயம் நாட்டைக் காப்பாற்றியது என்பார்கள். சரிதான். காப்பாற்றியதற்கான கட்டணத்தை யார் கட்டினார்கள் என்று பார்க்கக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம்.

ஒரு குடும்பம் 2007இல் 2 கோடி குரோனா வீட்டுக்கடன் வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். குறியீட்டோடு இணைந்த கடன். 2009 ஜனவரியில் ஆண்டுப் பணவீக்கம் 18.6 சதவீதம். இறக்குமதிப் பொருள்களின் விலை ஏற ஏற, அந்த விலைவாசிக் குறியீட்டின் வழியே வீட்டுக்கடனின் அசலும் ஏறுகிறது. அந்த ஓராண்டிலேயே 2 கோடி, 2 கோடியே 37 லட்சத்தை ஒட்டிப் போய்விடும். தவணை ஒழுங்காகக் கட்டிய பிறகும் அசல் கூடியிருக்கும். அந்தப் பக்கம் வீட்டின் விலை இறங்குகிறது, சம்பளம் ஏறவில்லை, வேலையில்லாதோர் 9 சதவீதத்தைத் தொடுகிறார்கள். வாசலில் நிற்கும் கார் யென் கடனில் வாங்கியதென்றால், குரோனாக் கணக்கில் அந்தக் கடன் இரண்டு மடங்குக்கு மேல். காரை விற்றாலும் கடன் தீராது. வங்கி முதலாளி லண்டனில் வாங்கிய கடனை ஐஸ்லாந்து மக்கள் கட்டவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த முதலாளி உடைத்த நாணயத்தின் விலையை மளிகைக் கடையிலும் கடன் புத்தகத்திலும் அவர்கள்தான் கட்டினார்கள்.

2009 ஜனவரியில் நாடாளுமன்றத்தின் முன் சட்டிபானைகளைத் தட்டிக்கொண்டு கூட்டம் நின்றது; ஹார்டே அரசு விழுந்தது. 2010 ஜூன் 16 அன்று உச்ச நீதிமன்றம், குரோனாவில் கொடுத்த கடனை அந்நியப் பணத்தின் விலையோடு இணைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. கார்க் கடன்காரர்கள் தப்பித்தார்கள். குறியீட்டுக் கடன் சட்டப்படியானது. அதனால் அதில் சிக்கியவர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. 2014இல் வந்த தள்ளுபடி, அதுவும் தேர்தல் வாக்குறுதியாக வந்தது, ஓரளவு ஈடுசெய்தது. ஒழுங்காகக் குறியீட்டுக் கடன் வாங்கிய சிக்கனக்காரனைவிட யென்னில் சூதாடியவன் நல்ல நிலையில் கரையேறினான் என்ற மனக்கசப்புக்கு நியாயம் இருக்கிறது.

ஐஸ்சேவ் வழக்கு

பிரிட்டனும் நெதர்லாந்தும் தங்கள் மக்களுக்குப் பணத்தைத் தாங்களே கொடுத்துவிட்டு, கணக்கை ஐஸ்லாந்து அரசிடம் நீட்டின. ஏறத்தாழ 400 கோடி யூரோ, 5.55 சதவீத வட்டியோடு. நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது. குடியரசுத் தலைவர் ஒலாபுர் ரக்னர் கிரிம்சன் கையெழுத்திட மறுத்து மக்களிடம் அனுப்பினார். 2010 மார்ச் 6இல் நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு இரண்டு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. வட்டியைக் குறைத்துக் கொண்டுவந்த அடுத்த ஒப்பந்தத்தையும் 2011 ஏப்ரலில் சுமார் 60 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். 2013 ஜனவரி 28 அன்று, ஐரோப்பியப் பொருளாதார மண்டலச் சட்டம் தொடர்பாக ஐஸ்லாந்து மீதான வழக்குகளை விசாரிக்கும் எப்டா நீதிமன்றம், காப்பீட்டு நிதி வற்றிப்போனால் அரசு தன் கருவூலத்திலிருந்து கொடுத்தாக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை என்றது. கடைசியில் லாண்ட்ஸ்பாங்கியின் திவால் கணக்கே சொத்துகளை விற்று முன்னுரிமை வைப்புகளை முழுவதுமாகக் கட்டி முடித்தது. 2016 ஜனவரியில் கடைசித் தவணை. இவ்வளவு சண்டையும் வெறும் வட்டிக்கும் கௌரவத்துக்கும்தானா என்று கேட்கத் தோன்றும். 2009இல் அந்தச் சொத்துகள் இவ்வளவு விலை போகும் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

சிறை

விசாரணைக் குழுவின் அறிக்கை 2010 ஏப்ரலில் ஒன்பது தொகுதிகளாக வந்தது. ரெய்க்யவிக் நகர நாடக அரங்கில் நடிகர்கள் மாறி மாறி அதை முழுவதும் வாசித்தார்கள், இரவும் பகலுமாக. வங்கிக் குற்றங்களை விசாரிக்கும் சிறப்பு வழக்கறிஞர் பதவிக்கு முதலில் விளம்பரம் செய்தபோது யாரும் விண்ணப்பிக்கவில்லை. எல்லாருக்கும் எல்லாரும் உறவு அல்லது நண்பர். அக்ரானெஸ் என்ற சிற்றூரின் காவல்துறைத் தலைவரைக் கேட்டுக் கூப்பிட்டார்கள். அவர் நடத்திய வழக்குகளில், கத்தார் ஷேக் விவகாரத்தில் 2015 பிப்ரவரியில் காப்திங் தலைமை நிர்வாகிக்கு ஐந்தரை ஆண்டும், தலைவர் உள்ளிட்ட மற்ற மூவருக்கு நான்கு முதல் நாலரை ஆண்டு வரையும் தண்டனை உறுதியானது. ஷேக் மீது வழக்கு இல்லை. முன்னாள் பிரதமர் ஹார்டே தனி நீதிமன்றத்தில் நின்றார். நெருக்கடி பற்றி அமைச்சரவைக் கூட்டம் கூட்டவில்லை என்ற ஒரே குற்றச்சாட்டு நிரூபணமானது, தண்டனை இல்லை. வேறு எந்த நாடும் இந்த அளவுக்குக்கூடச் செய்யவில்லை என்பதால் இதைப் பாராட்டலாம். மக்களின் இழப்பில் ஒரு குரோனாகூட இதனால் திரும்பவில்லை.

வேலியை எடுத்தது

திவால் வங்கிகளின் கணக்கில், கடன் கொடுத்த வெளிநாட்டவர்களுக்குச் சேர வேண்டிய குரோனா சிக்கியிருந்தது. அதை யூரோவாக மாற்ற விட்டால் நாணயம் மறுபடி விழும். 2015 ஜூனில் அரசு முன்வைத்த தேர்வு எளிமையானது: உள்நாட்டுச் சொத்தில் பெரும்பகுதியைத் தாமாகவே விட்டுக்கொடுங்கள், இல்லையேல் 39 சதவீத வரி. கடன் கொடுத்தவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். கிளிட்னிரின் வாரிசான இஸ்லாண்ட்ஸ்பாங்கி மொத்தமாக அரசிடம் வந்தது. பன்னாட்டு நாணய நிதியத்தின் கடனும் அவ்வாண்டே முன்கூட்டி அடைக்கப்பட்டது. 2017 மார்ச் 14 அன்று கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவை நீங்கின. நெருக்கடிக்கு முன் ஆண்டுக்கு ஐந்து லட்சத்தைத் தொடாத சுற்றுலாப் பயணிகள் அவ்வாண்டில் இருபது லட்சத்தைத் தாண்டினார்கள். மீனைவிடச் சுற்றுலா அதிக அந்நியச் செலாவணியைக் கொண்டுவந்தது. குரோனா ஏறிக்கொண்டிருந்தது. வேலியை எடுக்க அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது.

கடன் கொடுத்தவர்களோடு பேரம் பேசிய அந்த அரசின் பிரதமர் சிக்முண்டுர் தாவித் குன்லாக்சன், 2016 ஏப்ரலில், ரகசிய வெளிநாட்டு நிறுவனங்களின் உரிமையாளர்களை அம்பலப்படுத்திய பனாமா ஆவணங்கள் வெளியானபோது பதவி விலகினார். அவருடைய மனைவியின் வெளிநாட்டு நிறுவனம் அந்த மூன்று திவால் வங்கிகளிடமும் கொடுத்த கடனைத் திரும்பக் கோரியவற்றில் ஒன்று.

இஸ்லாண்ட்ஸ்பாங்கியை அரசு 2021 முதல் மறுபடியும் விற்கத் தொடங்கியது. 2022 மார்ச்சில் 22.5 சதவீதப் பங்கைத் தேர்ந்தெடுத்த முதலீட்டாளர்களுக்குச் சந்தை விலையைவிடச் சற்றுக் குறைத்துக் கொடுத்தார்கள். வாங்கியவர்களின் பட்டியல் வெளிவந்தபோது அதில் நிதியமைச்சர் பியார்னி பெனடிக்ட்சனின் தந்தையுடைய நிறுவனமும் இருந்தது. அது தமக்குத் தெரியாது என்றார் அமைச்சர். அந்த விற்பனைக்கு ஒப்புதல் கொடுக்கும் தகுதி அவருக்கு இருக்கவில்லை என்று நாடாளுமன்றக் குறைதீர்ப்பாளர் சொன்ன பிறகு, 2023 அக்டோபரில் நிதித் துறையைவிட்டு விலகினார். சில நாளில் வெளியுறவு அமைச்சரானார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் பிரதமர்.